ருஷ்யேந்திரமணியை விட்டுவிட்டீர்களே

தமிழ், தெலுங்கு இரண்டிலும் நெடுங்காலம் நடித்த குணச்சித்திர நடிகைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் ருஷ்யேந்திரமணி பெயர் இல்லாதது பெரிய குறை. 1942-இல் தமிழ் ‘கண்ணகி’யில் கண்ணாம்பா நடித்தார் அல்லவா, அதே ஆண்டு தெலுங்கு ‘பத்னி’யில் கண்ணகி இவர்தான். 1955 ‘மிஸ்ஸியம்மா’வில் அம்மா வேடத்துக்கு வந்துவிட்டார்.

அந்தப் படத்தை இரு மொழியிலும் தனித்தனியே எடுத்தார்கள். நாயகன் தெலுங்குக்கு என்.டி.ஆர்., தமிழுக்கு ஜெமினி கணேசன். சாவித்திரி, ரங்காராவ், ருஷ்யேந்திரமணி மூவரும் இரண்டிலும் உண்டு. 1957 ‘மாயா பஜார்’ படத்திலும் அப்படியே, இரு மொழியிலும் சுபத்திரை இவர்தான்.

ஒரே காட்சியை இரு மொழியிலும் பேசி நடிப்பது லேசான வேலை இல்லை. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் வாய் திறந்தே நிற்கும். தமிழில் ‘ம்’ என்று முடிந்தால் உதடு ஒட்டியாக வேண்டும். குளோசப்பில் அது தப்பினால் எத்தனை நல்ல குரல் கொடுத்தாலும் டப்பிங் படம் போலத்தான் தெரியும். காட்சியின் சூடு ஆறாமல் இரு மொழியிலும் இதைச் சரியாகச் செய்பவர்கள் அன்றும் சிலரே.

மிஸ்ஸியம்மாவில், வீட்டுக்கு வந்த டீச்சர்தான் தொலைந்துபோன மூத்த மகள் என்று தெரியாமலே அந்த அம்மா காட்டும் பிரியத்தைப் பாருங்கள். துளியும் மிகை இல்லை. இவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், அவசியம் எழுதுங்கள்.