பட்டம் வேறு, குடும்பம் வேறு

நம் வட்டத்தில் எல்லோரும் பகிர்ந்து வரும் அந்த வரைபடத்தையும், அதன் கீழே, பிள்ளைப் பட்டத்தை விட்ட என் தந்தையைப் 'பூர்வீகம் தெரியாதவர்' என்று எழுதிய அந்த ஒரு வரியையும் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. 'பிள்ளை' என்ற குடும்பப் பெயர் எங்கே தோன்றியது, இன்று எங்கெங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டுகிறார்கள். பெயருக்குப் பின்னால் போடும் அந்தப் பட்டத்தை விட்டவர்கள் பூர்வீகத்தையே தொலைத்தவர்கள் என்று ஓர் அண்ணாச்சி அதற்கு விளக்கமும் தருகிறார்.

பிள்ளை என்பது பட்டம். குடும்பப் பெயர் அன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை யாதவர். நெல்லையை அடுத்த நம் கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் வீட்டில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை, 1858-இல் கிறித்தவரான பின்னரும் பிள்ளையாகவே இருந்தார். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி மலையாளப் பக்கம் போனால் நாயர்களிலும் பிள்ளைமார் உண்டு. அவ்வளவு தூரம் போவானேன்? ஸ்ரீவைகுண்டத்தில் மண்கோட்டைச் சுவருக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமார், சுவருக்கு வெளியே இருந்த பிள்ளைமாரோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டதில்லை. கூப்பிடு தூரத்தில் இருந்தவர்களே ஒரு குடும்பமாகாதபோது, வரைபடம் முழுவதும் சிதறிக் கிடக்கும் புள்ளிகள் எப்படி ஒரு குடும்பமாகும்?

எண்ணிக்கையும் அப்படித்தான். அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பப் பெயர்வாரியாகக் கணக்கு வெளியிடுவதில்லை. பெயரின் கடைசிச் சொல்லை எடுத்து எண்ணினால், நம் பக்கத்தில் கிடைப்பவை சுடலைமுத்துவும் மாடசாமியும் நெல்லையப்பனும்தான். அவை தகப்பனார்களின் பெயர்கள். அடுத்த தலைமுறையில் மாறிவிடும்.

என் தந்தை எதையும் தொலைக்கவில்லை. சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்ததைப் படித்து வளர்ந்தவர் அவர். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, "பட்டம் வேண்டாம் சார், என் பெயரின் முதலெழுத்து போதும்" என்று சொன்னார். அதற்காகத் தாத்தா வெகுநாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருத்தத்தைத் தாங்கிக்கொண்டு வாழ்ந்த மனிதரை, அவர் மறைந்த பிறகு, பூர்வீகம் தெரியாதவர் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்துக்கு மனோன்மணியம் சுந்தரனார் என்றும், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனார் என்றும்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் பிள்ளைப் பட்டம் இல்லாததால் அவர்களுடைய பூர்வீகமும் தொலைந்துவிட்டதா?

பட்டத்தை விட்டாலும் பெண் பார்க்கும்போது சாதி கேட்கிறீர்களே என்பீர்கள். கேட்கிறார்கள், அது எனக்கும் வேதனைதான். ஆனால் அதற்கு என் தந்தையின் பட்டமில்லாத கையெழுத்தைப் பழிக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கிறார்களே என்றும் சொல்வீர்கள். நான் தந்தையின் பெயரைத்தான் எழுதினேன். இதுவரை எந்த ஊரிலும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.

என் தாயார் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில், உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய அவருடைய பெயருக்கு முன்னால் அவருடைய தகப்பனாரின் முதலெழுத்து இருக்கிறது; ரேஷன் அட்டையில் கணவரின் முதலெழுத்து. பெண்களின் பெயரில் பட்டம் ஏறியதே அரிது. அப்படியிருக்க, உங்கள் வரைபடத்தில் அவருக்கு எங்கே புள்ளி வைப்பீர்கள்? கொண்டையங்கோட்டை மறவரிடையே கிளை எனப்படும் குலப் பிரிவு தாய்வழியாகவே வருகிறது. அதைத் தகப்பன் வழிப் பெயரில் தேடினால் கிடைக்குமா?

பூர்வீகம் தெரிய வேண்டுமென்றால், உங்கள் குலதெய்வம் எந்தச் சாஸ்தா என்று கேளுங்கள். பங்குனி உத்திரத்தன்று மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ரயிலேறி வந்து பொங்கல் வைக்கிறார்களே, அவர்களில் பட்டம் வைத்திருப்பவரும் உண்டு, விட்டவரும் உண்டு, எந்நாளும் பட்டமே இல்லாதவரும் உண்டு. எங்கள் கோவிலில் வரி வாங்குபவர் அவர்கள் எல்லோரிடமும் தகப்பனார் பெயரையும் ஊரையும் மட்டுமே கேட்டு ரசீது எழுதுகிறார்.