குருவி பார்க்கத்தான் சண்டே ஸ்கூலா?

சண்டே ஸ்கூல் பிள்ளைகளைக் கண்மாய்க்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போனேன். அதைக் குறை சொல்லி வந்த வாய்ஸ் மெசேஜை எல்லாரும் கேட்டிருப்பீர்கள், முழுசாகத் திரும்பச் சொல்லவில்லை. "குருவி பார்க்கவா பிள்ளைகளை அனுப்புறோம்?" ஆமாம் அண்ணே, குருவி பார்க்கத்தான்.

ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப் பாருங்கள் என்று சொன்னது நான் இல்லை, ஆண்டவர். மத்தேயு 6:26. வண்ணம் அடியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சிருஷ்டிப்புக்கு, அதாவது பைபிளில் தேவன் பறவைகளைப் படைத்த நாளுக்கு, நாம் வாங்கி வைத்திருக்கும் வண்ணம் அடிக்கும் புத்தகத்தில் டூக்கான் இருக்கிறது, பென்குயின் இருக்கிறது. மதுரையில் எந்தக் கண்மாயில் பென்குயின் நிற்கிறது? போன மாதம் செம்போத்தின் படத்தைக் காட்டினேன். 14 பிள்ளைகளில் ஒருத்திதான் பேர் சொன்னாள், அவளும் கிராமத்திலிருந்து வந்து தங்கிப் படிக்கிறவள்.

அதனால்தான் கண்மாய்க்குக் கூட்டிப்போனேன். கரைப்பனையில் வரிசையாகத் தூக்கணாங்குருவிக் கூடுகள். ஆண் குருவி பாதிக் கூட்டோடு நிறுத்திவிட்டு, அதில் தொங்கியபடி இறக்கையை அடித்துக் கூப்பிடுகிறது. பெட்டை வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி. கீழே விழுந்து கிடந்த பழைய கூடு ஒன்றைப் பிரித்தோம். உள்ளே அப்பியிருந்த களிமண் ஓடு மாதிரிக் காய்ந்திருந்தது. "சார், பெட்டைக்குப் பிடிக்கலைன்னா?" என்றான் ஒரு பயல். அப்படியே விட்டுவிட்டு வேறு கட்டும் என்றேன். அரை மணி நேரம் ஒருத்தனும் பிஸ்கட் கேட்கவில்லை.

சரி, அந்தப் பக்கம் என் நாத்திக நண்பர். டார்வினை மறைக்கிறேனாம். எதை மறைத்தேன்? பள்ளிக்கூடத்தில் பரிணாமம் படிக்கட்டும், மார்க் வாங்கட்டும். இந்தக் குருவியைப் படைத்தவர் ஒருவர் இருக்கிறார், உண்டிவில்லைக் கீழே போடு என்கிறேன், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் என்பது 24 மணி நேர நாளா என்று கேட்டார். அதை அப்புறம் பேசலாம்.

பத்து வயதில் நானும் உண்டிவில் எடுத்தவன்தான். ஒரு தவிட்டுக்குருவி விழுந்தது. அம்மாச்சி அடிக்கவில்லை. அதை என் உள்ளங்கையில் வைத்து, சூடு ஆறுகிறவரை நிற்கச் சொன்னார். ராத்திரி உபாகமம் 22ஐ வாசிக்க வைத்தார், குஞ்சுகளோடு தாயைப் பிடிக்காதே என்று வருமே, அந்த இடம். 22 வருஷமாகச் சம்பளமில்லாமல் வகுப்பு எடுக்கிறேன். எனக்கு "பிக்னிக் வாத்தியார்" என்று பேர், அதற்கு மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்குத் திடப்படுத்தல் வகுப்பு, அதான் சபையில் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்குக்கான வகுப்பு, எடுத்தவனே நான்.

பாம்பு இருந்தால், தண்ணீரில் விழுந்தால் என்கிறார்கள். நியாயம்தான், இரண்டு பெற்றோர் கூட வாருங்கள். ஆனால் அந்த மெசேஜில் பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

அடுத்து மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். சுமார் 250 வகைப் பறவைகள், வல்லூறும் உண்டு. ராஜாளியும் கழுகும் வருகிற யோபு 39ஐப் பாறையடியில் உட்கார்ந்து வாசிக்கப்போகிறோம். வேன் சனிக்கிழமை காலை 6 மணிக்கு. அனுப்ப இஷ்டமில்லாதவர்கள் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள், இட்லிக்குச் சொல்ல வேண்டும்.