பேயாடும் பெண்ணைப் பேசவிடுங்கள்

பேய்ப்படம் என்றால் முதல் நாளே போய் உட்காருகிற ஆள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், பேய் ஓட்டும் காட்சியை நம் சினிமாக்காரர்கள் எடுக்கிற விதம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பெரிய கோலம், சிவப்பு வெளிச்சம், புகை, நாலு பேர் மந்திரம் கத்துவார்கள், அந்தப் பெண் அந்தரத்தில் பறப்பாள், கடைசியில் ஓர் அம்மன் பாட்டு. பேய் போய்விடும். அவள் கண் விழித்து "எனக்கு என்ன ஆச்சு?" என்பாள். புருஷன் கட்டிப்பிடித்துக்கொள்வான், படம் முடிந்துவிடும். அவளுக்கு என்னதான் ஆச்சு என்று சொல்ல ஒருத்தருக்கும் நேரமிருக்காது.

நான் பாபநாசம் பக்கம் வளர்ந்தவள். எங்கள் ஊரில் பேய் ஓட்டுவதை நேரில் பார்த்திருக்கிறேன். அதில் முக்கால்வாசி நேரம் பேச்சுதான். எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த ஓர் அக்காவுக்கு ஒருமுறை பூசாரியை அழைத்து வந்தார்கள். கூடத்தில் அவளை உட்காரவைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, உடுக்கையை மெதுவாகத்தான் ஆரம்பித்தார். அவள் தலைமுடி அவிழ்ந்து ஆட ஆட, அவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "யாரும்மா நீ? எந்த ஊரு? எங்க வச்சுப் புடிச்ச?" ரொம்ப நேரம் பதிலில்லை. அப்புறம் வாய்க்கால் மதகில் விழுந்து செத்துப்போன ஒரு பெண்ணின் பெயர் வந்தது. "சரி, உனக்கு என்ன வேணும்? சொல்லு, வாங்கித் தரச் சொல்றேன்." உடனே கணீரென்று வந்தது பதில்: "ஆத்தா வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கிறாளே இவ! தீபாவளிக்குக்கூட அனுப்பலையே!"

'இவ' என்றது மாமியாரை. மற்ற நாளில் மருமகள் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே வீட்டை இரண்டாக்குகிற அந்த அம்மா, கையைக் கூப்பிக்கொண்டு "அனுப்பி வைக்கிறோம் தாயி, நீ மலையேறு" என்று நின்றார். உச்சிமயிரில் ஒரு கொத்து எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். சொன்ன சொல் தவறாமல் அக்காவைப் பிறந்த வீட்டுக்கும் அனுப்பினார்கள். எங்கள் தெருவில் ஒரு மருமகள் மாமியாரை எதிரே நிறுத்திப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பேசியது யார் என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. கேட்டார்கள், அவள் சொன்னாள், வீடு இறங்கி வந்தது. பேய் ஓட்டுவதில் அடி உதையும் உண்டு, அதையும் பார்த்திருக்கிறேன், அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் நம் படங்கள் அந்த அடியை எடுத்துக்கொண்டு, கேள்வியை விட்டுவிட்டன.

1973இல் வந்த 'த எக்சார்சிஸ்ட்' படத்தை எல்லோரும் தலை சுற்றுவதற்கும் பச்சை வாந்திக்கும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் என்னை உலுக்கியது ஆஸ்பத்திரிதான். அந்தச் சிறுமியின் கழுத்தில் ஊசி இறங்கி ரத்தம் பீய்ச்சும், எந்திரம் தடதடவென்று அடிக்கும், டாக்டர்கள் ஒன்றுமில்லை என்பார்கள். பிறந்தநாளுக்கு அப்பா போன்கூடப் பண்ணவில்லை என்று அம்மா கத்துவதை மகள் கேட்டுக்கொண்டிருப்பாள். பாதிரியார் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அந்தக் குடும்பத்தின் வலி நமக்குத் தெரிந்துவிடும். இங்கே காப்பியடித்தவர்கள் வாந்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, அந்தப் படத்தில் வருவது சாத்தான். அதற்கு வாழ்ந்த கதை கிடையாது, கெட்டது செய்வதே அதன் வேலை. நம் பேய்கள் அப்படியா? அல்பாயுசில் போனவர்கள், தூக்கில் தொங்கியவர்கள், தலைப்பிரசவத்தில் செத்தவர்கள். ஒவ்வொன்றுக்கும் ஊர் உண்டு, தீராத ஆசை உண்டு. இதைப் பிடித்துக்கொண்ட படங்கள் நின்றன. 2011இல் வந்த 'காஞ்சனா'வில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கையின் வழக்கைப் பேயே வந்து சொன்னது. 'சந்திரமுகி'யில் சந்திரமுகியாகவே மாறிய பெண் கேட்ட பழியை, ஆளுக்குப் பதில் பொம்மையை வைத்துக் கொடுத்துத்தான் குணப்படுத்துவார்கள், எங்கள் பூசாரி வழிதான் அது. அதற்கு மூலமான 1993ஆம் வருட மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழு' ஒரு படி மேலே. அப்பா அம்மா வெளியூரில் இருக்க, பாட்டியிடம் வளர்ந்த நாயகி கங்காவின் சின்ன வயதுத் தனிமையைத் தேடிப்போய் விசாரிக்கும். மற்ற படங்களில் செத்தவளுக்கு ஃப்ளாஷ்பேக் இருக்கும், உயிரோடு இருப்பவளுக்கு இருக்காது.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நிஜ உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியில் அன்னலீசா மிகேல் என்ற பெண்ணுக்கு வலிப்பு இருந்தது. பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, 67 முறை பேயோட்டும் சடங்கு செய்தார்கள். 1976இல், 23 வயதில், பட்டினியால் மெலிந்து செத்துப்போனாள். பெற்றோரையும் இரண்டு பாதிரியார்களையும் 1978இல் கோர்ட் குற்றவாளிகள் என்றது. ரொம்ப தூரம் போக வேண்டாம், நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை, மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் கருகிப்போனார்கள். காலில் சங்கிலி, ஓட முடியவில்லை. மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்கிறது. ஆனாலும் நம் படங்களில் பெண்ணைக் கட்டிலில் சங்கிலியால் கட்டும் காட்சி சர்வசாதாரணமாக வருகிறது, தியேட்டரில் விசில் பறக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் குணசீலம் பெருமாள் கோயில் இருக்கிறது. மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து 48 நாள் தங்குகிறார்கள், தீர்த்தம் முகத்தில் தெளிக்கிறார்கள். அதே ஊரில் மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. சாமியும் வேண்டும், மாத்திரையும் வேண்டும் என்று குடும்பங்கள் தவிக்கிற அந்தத் தவிப்பில் எத்தனை படத்துக்குக் கதை இருக்கிறது! ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லையே.

இப்படியெல்லாம் எடுத்தால் பயம் போய்விடும் என்பார்கள். போகாது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் நான் பயந்த மாதிரி எந்த ஏசி தியேட்டரிலும் பயந்ததில்லை. அடுத்த பேய்ப்படம் எடுக்கப்போகிற டைரக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராபிக்ஸ் காசில் கொஞ்சம் குறைத்து, அந்தக் கேள்வி பதிலுக்கு முழுசாகப் பத்து நிமிடம் கொடுங்கள். பின்னணி இசை வேண்டாம், உடுக்கை போதும். எதிரே மாமியாரும் புருஷனும் நிற்கட்டும். அதை நடித்துக் காட்ட நம்மிடம் நடிகைகளுக்குப் பஞ்சமே இல்லை.