கஜா வந்தபோது ஊருக்குத் தலைவர் இல்லை

கஜா புயல் அடித்த நவம்பர் 16 வந்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் விழுந்த தென்னைகளின் படத்தைப் போடுவோம். பட்டுக்கோட்டைக்காரர் போட்டாலும் வேதாரண்யத்துக்காரர் போட்டாலும் படம் ஒன்றுதான்: வேரோடு சாய்ந்த மரம், அதன்மேல் கைவைத்து நிற்கும் ஒரு பெரியவர். 2025-ல் நான் போடவில்லை. ஏழு வருஷமாகப் போட்டாயிற்று. இரண்டு வாரம் கூட ஆகவில்லை, அடுத்து டிட்வா. இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்த புயல் நமக்கு மழையோடு போயிற்று. டெல்டாவில் சம்பா வயல்கள் மூழ்கின. அம்மாவுக்குப் போன் போட்டதும் நான் முதலில் கேட்டது பயிரைப் பற்றி அல்ல. "குழாய்ல தண்ணி வருதாம்மா? எப்படி இருக்கு?"

இந்தக் கேள்வி கஜா கற்றுக்கொடுத்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது அந்தப் புயல். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. தென்னை போனதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். மின்கம்பம் போனால் குடிநீரும் போகும் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. கடைமடை ஊர்களில் குடிநீர் என்றால் ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய். கரண்ட் இல்லையென்றால் நான்கும் சேர்ந்து படுத்துவிடும். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களிலும் தண்ணீரை ஏற்றித் தள்ளுவது மோட்டார்தானே. ஆயிரக்கணக்கில் கம்பங்கள் முறிந்து கிடந்த இடத்தில் மின்சாரம் நாளைக்கே வந்துவிடும் என்று யாரும் நம்பவில்லை. (மின்வாரியத் தொழிலாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு மாவட்டங்களிலிருந்து வந்தார்கள், கேரளாவிலிருந்துகூட வந்தார்கள். இடுப்பளவு சேற்றில் கம்பம் தூக்கியவர்களைக் கண்ணால் பார்த்தேன்.)

எங்கள் தெருவில் நான்காம் நாள் ஆளுக்கு ஐம்பது, நூறு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். அதுவரை பழைய கைப்பம்புதான். அதற்குப் பத்தடி தள்ளி ஒரு ஆடு செத்து ஊதிக் கிடந்தது. தொட்டியில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் தொட்டி ஆபரேட்டர் அண்ணனைத் தேடிப் பிடித்தேன். அவர் வீட்டுக் கூரையே பறந்துவிட்டிருந்தது. "பிளீச்சிங் பவுடர் போட்டாச்சாண்ணே?" என்றேன். "இருந்த மூட்டை நனைஞ்சு கட்டியாப் போச்சு தம்பி. ஆபீஸ்ல கேட்டிருக்கு" என்றார். எந்த ஆபீஸ், யாரிடம் கேட்டிருக்கிறது, எப்போது வரும்? அவருக்கும் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அதற்கு மேல் யாரிடம் போவதென்று தெரியாது.

அந்தத் தொட்டி முப்பதாயிரம் லிட்டர். நம் ஊராட்சிகளில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். ஆக 120 கிராம், ஏறக்குறைய ஒரு டம்ளர். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரமாவது காத்திருந்து வால்வைத் திறக்க வேண்டும். அப்புறம் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் குளோரோஸ்கோப் (குளோரின் அளவு காட்டும் சின்னக் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண நாளில் அங்கே 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிச்சம் இருந்தால் போதும். வெள்ளம், புயல், வயிற்றுப்போக்கு என்றால் 0.5 வரை வேண்டும். மருந்துத் துளி விட்டதும் தண்ணீர் மஞ்சளானால் சரி, ஆகாவிட்டால் பவுடர் போடவில்லை அல்லது போட்ட பவுடர் செத்துப்போனது. ஈரம் பட்டு, மூட்டை வாய் திறந்து கிடந்தால் அதன் வீரியம் போய்விடும். இவ்வளவுதான் விஷயம். ராக்கெட் விடுவது இல்லை. ஒரு டம்ளர் பவுடரும் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்புள்ள ஒரு ஆளும் இருந்தால் போதும்.

பவுடரே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆறாவது நாளோ ஏழாவது நாளோ மெயின் ரோட்டின் இரண்டு ஓரமும் வெள்ளை வெளேர் என்று கோடு போட்டிருந்தது. யாரோ பெரிய ஆள் காரில் வருகிறாராம். மார்கழிக் கோலம் மாதிரி அவ்வளவு ஒழுங்கு. அத்தனை பவுடரும் சேற்றில் விழுந்து வீணானது. சேற்றில் இருக்கும் அழுகல் குளோரினை உடனே தின்றுவிடும், கிருமிக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கோட்டில் ஒரு கால் கிலோமீட்டரை வழித்து எடுத்திருந்தால் எங்கள் தொட்டிக்குப் பல மாதத்துக்குக் காணும். இன்றைக்கும் பேரிடர் ஊர்களின் படத்தில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இதை எழுதும்போது ஒரு சங்கடமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை மோசமான துறை அல்ல. 1939-லேயே சென்னை மாகாணத்துக்குத் தனியாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவமனை நடத்துவது ஒரு துறை, நோய் வராமல் தடுப்பது இன்னொரு துறை என்று பிரித்து வைத்திருக்கும் மாநிலம் இது. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அத்தனை சடலங்கள், அத்தனை முகாம்கள், உப்பேறிய கிணறுகள். அடுத்து காலரா வரும் என்று உலகமே பயந்தது. பெரிய தொற்று எதுவும் பரவவில்லை. அது அதிர்ஷ்டத்தால் நடந்ததல்ல; முகாம் முகாமாகப் போய்க் குளோரின் போட்டார்கள், தடுப்பூசி போட்டார்கள், குப்பை அள்ளினார்கள். கஜாவிலும் மருத்துவ முகாம்கள் வந்தன. எங்கள் ஊர் கிராம செவிலியர் தன் வீடு இடிந்த நிலையில் வீடு வீடாக உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுத்துக்கொண்டு போனார்.

சுகாதார ஆய்வாளர் தண்ணீரைச் சோதிப்பார், சரியில்லை என்று எழுதுவார். ஆனால் தொட்டி அவருடையது இல்லை. ஊராட்சியுடையது. 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ம் பிரிவு குடிநீரையும் வடிகாலையும் தெருச் சுத்தத்தையும் ஊராட்சியின் கடமை என்கிறது. ஆக, அவர் எழுதிய தாள் ஊராட்சிக்குப் போகும். ஊராட்சி என்றால் யார்? 2018 நவம்பரில் இந்தக் கேள்விக்கு ஊரில் விடை இல்லை.

ஞாபகம் இருக்கிறதா? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரி, திருத்திக்கொண்டு நடத்தியிருக்கலாம். வார்டு மறுவரையறை, வழக்கு, வாய்தா, மறுபடி வழக்கு. கிராம ஊராட்சிகளுக்குத் தலைவர் இடத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் தனி அலுவலர் ஆனார்கள். மாநிலத்தில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள், 385 ஒன்றியங்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு ஆளுக்குச் சராசரி 32 ஊராட்சி. புயல் அடித்த மறுநாள் 32 ஊரிலும் தண்ணீர் இல்லை, 32 ஊரிலும் சாலையில் மரம், மேலே இருந்து வரும் போன் எல்லாவற்றையும் அவர்தான் எடுக்க வேண்டும். அந்த மனிதரைத் திட்டி என்ன பயன்? எங்கள் தொட்டி அவர் நினைவில் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்து என்று அரசியல் சாசனத்தின் 243இ பிரிவு சொல்கிறது. மூன்று ஆண்டுக்கு மேல் நடத்தவில்லை. அந்தக் காலத்தில் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றுபோனது, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாத இடத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று. கஜாவுக்கு முன்பே கையில் காசில்லாமல் இருந்த ஊராட்சிகளைத்தான் புயல் வந்து அடித்தது.

இதைச் சொன்னால் எங்கள் மாமா சிரிப்பார். "தலைவர் இருந்திருந்தா மட்டும் என்னடா கிழிச்சிருப்பாரு?" என்பார். நியாயமான கேள்விதான். நிவாரணப் பட்டியலில் சொந்தக்காரன் பேரை முதலில் எழுதும் தலைவரை நானும் பார்த்திருக்கிறேன். மனைவி பதவியில் இருக்க, கையெழுத்துப் போடுவதும் கான்ட்ராக்ட் பேசுவதும் கணவராக இருக்கும் ஊர் எத்தனை. காலனித் தெருக் குழாய்க்கு மட்டும் எப்போதும் கடைசியில் தண்ணீர் வரும், அதையும் தலைவர்கள் மாற்றியதில்லை. ஆனால் மாமா, அவர் வீடு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டலாம். அவரும் அதே தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறார். அடுத்த தேர்தலில் நம் தெருவுக்குள் வந்துதான் ஆக வேண்டும். தனி அலுவலருக்கு இந்த நான்கும் இல்லை. மாற்றல் வந்தால் அவருடைய கதை முடிந்தது.

புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் புயலுக்குப் பிறகு அரசு வாகனங்களை எரித்தார்கள். எரித்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு டெல்டா முழுக்கச் சாலையில் உட்கார்ந்திருந்த சனங்களுக்குக் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, கையில் கிடைத்தது வழியில் போன ஜீப்தான்.

சரி, அது அ.தி.மு.க. காலம். 2019 டிசம்பர் கடைசியில் எங்கள் மாவட்டங்களில் ஒருவழியாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் வந்தார்கள். அவர்கள் காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. அப்போது தி.மு.க. காலம். டிட்வா வருவதற்குள் தேர்தல் நடந்ததா? இல்லை. மறுபடியும் மறுவரையறை, மறுபடியும் தனி அலுவலர். 2018-ல் எதிர்க்கட்சியாக இருந்து இதையே கண்டித்துப் பேசியவர்கள் 2025-ல் ஆளுங்கட்சி. 2018-ன் ஆளுங்கட்சி 2025-ல் எதிர்க்கட்சி. வசனத்தை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதனால்தான் டிட்வா மழையிலும் டெல்டா கிராமங்களுக்குத் தலைவர் இல்லை.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். தண்ணீர் கலங்கலாக வருகிறது, காய்ச்சிக் குடிக்கிறோம் என்றாள். அக்கா மகனிடம் தொட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். தொட்டித் தூணில் பெயின்ட்டில் எழுதியிருப்பார்களே, சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள் என்று. முதல் வரியில் போன வருஷத்துத் தேதி. இரண்டாவது வரியில் எழுத்து மட்டும் இருக்கிறது, தேதி இல்லை. கீழே புகாருக்கு என்று ஒரு செல் நம்பர். கூப்பிட்டேன். பழைய தலைவர் எடுத்தார்.

"நான் இப்ப தலைவர் இல்லையே தம்பி" என்றார்.

தெரியும் அண்ணே, நம்பர் உங்களுடையதுதான் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்த ஆபரேட்டர் சம்பளப் பாக்கி என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையனை ஏணியில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தாராம். அம்மாதான் சொன்னாள்.