ஓடுதே சார்

சர்வீஸ் விட்டு எடுத்துகினு வந்த அண்ணன் கார், மாதனூர்ல நெடுஞ்சாலையில ஆயில் மொத்தமும் கொட்டி நின்னுபோச்சு. அதைப் பத்தி நேத்து போட்ட பதிவுக்கு வந்த கமெண்ட்ல பாதி ஒரே மாதிரி இருக்கு. "இப்ப வண்டி ஓடுதுல்ல, அப்புறம் இன்னா?" சர்வீஸ் சென்டர்லயும் அண்ணன்கிட்ட இதையேதான் சொல்லி அனுப்பியிருக்காங்க. "ஓடுதே சார்."

ஓடும்ங்க. ஆயில் இல்லாமலே கொஞ்ச நேரம் ஓடும். மாதனூர்ல அது ஓடித்தானே நின்னுது? ஓடுறது வேற, நல்லா இருக்கிறது வேற. இந்த ஒண்ணைத்தான் நேத்துலேர்ந்து கத்திகினு இருக்கேன்.

நடந்தது இதுதான். ஆயில் ஃபில்டரோட வாய்ல ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சூட்டுல வெந்து வெந்து இறுகிப்போய் இஞ்சின் முகத்துல ஒட்டிக்கும். பழைய ஃபில்டரைத் திருகி எடுக்கும்போது ஃபில்டர் மட்டும் கையோட வரும், வளையம் மேலேயே தங்கிடும். ஒரு துணியால அந்த முகத்தைத் துடைச்சு, விரலை ஒரு சுத்து ஓட்டினா தெரிஞ்சிடும். பத்து செகண்ட் வேலை. அதைச் செய்யாம புது ஃபில்டரை மாட்டினா வளையத்து மேல வளையம். ஷெட்ல ஐட்லிங்ல, அதாவது நின்ன இடத்துல சும்மா ஓட விட்டுப் பார்த்தா, பல நேரம் சொட்டு கூட ஒழுகாது. நெடுஞ்சாலையில 3000 ஆர்பிஎம்ல பிரஷர் ஏறினதும் ரெண்டுல ஒரு வளையம் ஒரு பக்கமா பிதுங்கி வெளிய வரும். அவ்வளவுதான், மூணரை லிட்டர் ஆயிலும் சில நிமிஷத்துல ரோட்டுக்குப் போயிடும்.

அந்த ரெண்டு வளையமும் இப்ப அண்ணன் வீட்டு ஜன்னல்ல ஒரு பாலிதீன் கவர்ல இருக்கு. புதுசு வழவழன்னு இருக்கு, ஒரு இடத்துல மட்டும் நாக்கு மாதிரி இழுபட்டிருக்கு. பழசை வளைச்சா ஓலை மாதிரி சத்தம் வருது. அதைத் தூக்கிப் போடாம வாங்கி வெச்சதுதான் அண்ணன் பண்ண ஒரே புத்திசாலித்தனம்.

சர்வீஸ் சென்டர்லேர்ந்து பைக்குல ஆயில் கேனோட வந்த பையன் ரெண்டு வளையத்தையும் எடுத்தான், வேற வளையம் போட்டு அதே ஃபில்டரைத் திரும்ப மாட்டினான், ஆயில் அளவு பார்க்கிற குச்சி இருக்கே, டிப்ஸ்டிக், அதோட மேல் கோடு வரைக்கும் ஊத்தினான், "ஒண்ணும் ஆவாது சார், ஓட்டிகினு போங்க"ன்னான். பிரஷர் பார்த்தானா? இல்ல. பார்க்க கையில கேஜ் இருந்துதா? அதுவும் இல்ல.

இஞ்சினுக்குள்ள சுத்துற தண்டான கிராங்குக்கும் அதைத் தாங்குற பேரிங்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்குதான். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாம காப்பாத்துறது பிரஷரோட வர்ற ஆயில் படலம். அது அறுந்தா உலோகத்து மேல உலோகம். பேரிங்ல பூசியிருக்கிற மெல்லிசான மேல்பூச்சு வழிஞ்சு போகும். மேல வால்வைத் திறக்கிற கேம்முக்கு ஆயில் கடைசியாப் போகும், முதல்ல நிக்கும். கேம்மைச் சுத்துற டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் நிறைய வண்டியில ஆயில் பிரஷர்லதான் நிக்குது. இஞ்சினுக்குள்ள காத்தைத் தள்ளுற டர்போ இருந்தா சொல்லவே வேணாம், நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற தண்டு அது. இதுல எது அடி வாங்கினாலும் அன்னிக்கே தெரியணும்னு இல்ல. அஞ்சாயிரம் கிலோமீட்டர் கழிச்சு 'டக் டக்'னு அடியிலேர்ந்து சத்தம் வரும். அன்னிக்குப் போய் நின்னா "நீங்க எப்படி ஓட்டினீங்களோ சார்"னு அதே வாய் சொல்லும்.

அடுத்த கேள்வி: டேஷ்போர்டுல ஆயில் லைட் எரிஞ்சதும் நிறுத்தியிருக்கணும்ல? நிறுத்தினார். இடது பக்கம் ஒதுங்க ஒரு நிமிஷம் ஆயிருக்கும். அந்த நிமிஷமும் உடனே ஆஃப் பண்ணியிருக்கணும்னா, சரி, ஒத்துக்கிறேன். ஆனா அந்தச் சிவப்பு லைட் ஆயில் அளவைக் காட்டுறது இல்ல, பிரஷரைக் காட்டுறது. பெரும்பாலும் பிரஷர் அரை பார் (பார்ங்கிறது பிரஷரை அளக்கிற அலகு) அளவுக்குக் கீழ இறங்கினாத்தான் எரியும். 90ல போற வண்டிக்குத் தேவை அதைப் போல பல மடங்கு. லைட் எரியும்போதே இஞ்சின் பட்டினி கிடக்க ஆரம்பிச்சாச்சு. குடும்பத்தை வெச்சுகினு லாரிக்கு நடுவுல போறவர் மேல பழியைப் போட எவ்வளவு ஆர்வம் பாருங்க.

தோட்டப்பாளையத்துல ஒரு டாக்சிக்காரப் பெரியவர் இருந்தாரு, அம்பாசடர் காலத்து ஆள். தோள்ல ஒரு துண்டு, சீட்டுக்கடியில ஒரு துண்டுத்துணி. அந்தத் துணி டிப்ஸ்டிக்குக்கு மட்டும். காலையில சாவி போடறதுக்கு முன்னாடி இழுப்பார், துடைப்பார், திரும்ப விட்டு எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்ப்பார். சர்வீஸ் விட்டு வந்த மறுநாள் மட்டும் ரெண்டு தடவை. "அவங்க கையைத்தாம்பா முதல்ல பாக்கணும்"னு சொல்வார். நாங்க சிரிப்போம்.

சரி, இப்ப என்ன பண்ணணும்? ஃபில்டரைப் பிரிச்சுப் பார்க்கிற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. அண்ணன் ஏற்கெனவே வேலூருக்கு ஓட்டிகினு வந்துட்டார், போகட்டும். இனிமே தூக்கிகினுதான் போகணும். ஆயிலைச் சுத்தமான தட்டுல இறக்கி, வெயில்ல வெச்சுப் பார்க்கணும். வேலூர்ல வெயிலுக்கா பஞ்சம்? ஃபில்டரைக் கண்டிப்பா பிரிச்சுப் பார்க்கணும். ஹேக்ஸா பிளேடு போட்டு அறுக்காதீங்க, அறுத்த தூளே உள்ள போய் இஞ்சின் தூள் மாதிரி ஏமாத்தும். ஃபில்டர் கட்டர் போட்டுத் திறந்து, மடிப்புக் காகிதத்தை விரிச்சு, பிழிஞ்சு, காந்தம் வெச்சுப் பார்க்கணும். காந்தத்துல ஒட்டினா இரும்பு, கேம் பக்கமோ கிராங்கோ. ஒட்டாம மினுக்கினா பேரிங்கா இருக்க வாய்ப்பு அதிகம். அதுல தூள் எதுவும் இல்லைன்னாத்தான் அடுத்தது: பிரஷர் சுவிட்சைக் கழட்டி அந்த ஓட்டையில மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இஞ்சின் நல்லா சூடான பிறகு ஐட்லிங்லயும் 3000லயும் படிச்சு, அந்த வண்டியோட மேனுவல்ல இருக்கிற எண்ணோட ஒப்பிடணும். ஆறின இஞ்சின்ல பார்த்தா கெட்டி ஆயில் நல்ல எண்தான் காட்டும், அதை நம்பாதீங்க. கம்ப்ரஷன் டெஸ்ட், பிளக் ஓட்டை வழியா கேமரா விட்டு சிலிண்டர் சுவர்ல கீறல் இருக்கான்னு ஒரு பார்வை. எல்லாம் சரியா இருந்தாலும் 500 கிலோமீட்டர்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்தி, அந்த ஃபில்டரையும் பிரிக்கணும்.

இதையெல்லாத்தையும் விட முக்கியம் ஜாப் கார்டு, அதாவது என்ன வேலை பார்த்தாங்கன்னு சென்டர் எழுதித் தர்ற சீட்டு. கிலோமீட்டர், நேரம், ரெண்டு வளையம் இருந்தது, எத்தனை லிட்டர் ஊத்தினாங்க, எல்லாம் அவங்க கையெழுத்தோட வரணும். "ஜெனரல் செக்கப்"னு எழுதினா வாங்காதீங்க. இன்சூரன்ஸ் இருக்குன்னு நினைக்காதீங்க, சாதாரண பாலிசியில மெக்கானிக்கல் கோளாறு வராது. எழுதித் தரமாட்டேன்னா மெயில் அனுப்புங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்க, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே கிடையாது.

"பாவம் அந்தப் பையன், சின்ன சம்பளம், வயித்துல அடிக்காதீங்க." இது ஒருத்தர் இல்ல, ஏழெட்டுப் பேர். அந்தப் பையனை யாருங்க கேட்டா? ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்கணும்னு அவன் கழுத்துல உக்காந்திருக்கிறது யாரு? பத்து செகண்ட் விரல் ஓட்ட நேரம் தராதவன் யாரு? பில்லுல "கன்ஸ்யூமபிள்ஸ்"னு தனியா துட்டு போட்டவன் யாரு? அவனைத்தான் கேக்கறேன். எல்லா சென்டரும் அப்படியான்னா, இல்லதான்.

அண்ணனுக்கு அவங்க கொடுத்தது என்ன தெரியுமா? ரெண்டு இலவச வாட்டர் வாஷ். மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை வரல. வாஷ்! நம்ம வேலூரைப் பத்தி பழைய கேலி ஒண்ணு உண்டு, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்னு. கோயிலுக்கு 1981ல சாமி திரும்ப வந்துட்டார். காலியான இடத்துக்கு இவங்க ஆயிலில்லாத இஞ்சினைக் கொடுத்திருக்காங்க, நல்லா கழுவி.

ஒரு மூத்தவர், மரியாதைக்குரியவர், "தம்பி, எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதே"ன்னு எழுதியிருக்கார். எல்லாம் தெரியாதுங்க ஐயா. இது தெரியும். நீங்களே பல தடவை போன் பண்ணிக் கேட்டிருக்கீங்க.

நாளைக்குக் காலையில காட்பாடியில ஃபில்டரைப் பிரிக்கிறோம். வெள்ளைத் துணி மேல விரிச்சு, பக்கத்துல காந்தம் வெச்சு படம் போடறேன். "ஓடுதே"ன்னு கமெண்ட் போட்டவங்க எல்லாரையும் டேக் பண்றேன், பெரிசு பண்ணிப் பாருங்க.