நாக்கு மீன் வாங்க வந்தவர்

(புதுச்சேரி பெரிய மார்க்கெட், மீன் பகுதி. காலை ஏழரை மணி. பையுடன் ஒரு சார். அரிவாள்மனை முன்னால் மீன்காரம்மா.)

சார்: அக்கா, நாக்கு மீன் இருக்கிறதா?

மீன்காரம்மா: எதிரிலேயே படுத்துக் கிடக்கிறது, தெரியவில்லையா? நீங்கள் சங்கரா வாங்குகிற ஆள் ஆயிற்றே. வீட்டில் அம்மா ஊருக்குப் போயிருக்கிறார்களா?

சார்: இருக்கிறாள். இனி சமையல் நான்தான். ஓய்வு பெற்றுவிட்டேன் அல்லவா? டிவியில் சமையல் நிகழ்ச்சி நடத்தப் போகிறேன்.

மீன்காரம்மா: சமைக்கத் தெரியுமா?

சார்: ஜூலியா சைல்டுக்கு மட்டும் தெரியுமா? அமெரிக்க அம்மா. ஆறடி இரண்டு அங்குல உயரம். பாரீசில் சமையல் பள்ளியில் சேரும்போது வயது 37. 1963-ல் சொந்த டிவி நிகழ்ச்சி தொடங்கும்போது 50.

மீன்காரம்மா: உங்களுக்கு?

சார்: 60. பத்து வருடம்தானே தாமதம்!

மீன்காரம்மா: அதுவரை அந்த அம்மா என்ன செய்தார்களாம்?

சார்: இரண்டாம் உலகப் போரின்போது உளவுத்துறை அலுவலகத்தில் வேலை. இலங்கையில் கண்டியில்கூட இருந்தார். கடலில் விழுந்த வீரர்களிடம் சுறா அண்டாமல் இருக்க மருந்து தயாரித்தார்களே, அந்த வேலையிலும் இருந்தார்.

மீன்காரம்மா: சுறாவை விரட்டவா? அடப்பாவமே! பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் பால்சுறா கேட்டு விடிந்ததிலிருந்து என் உயிரை வாங்குகிறார்கள். மருந்து போட்டு விரட்டினார்களாமே!

சார்: கேளுங்கள். கணவருக்குப் பிரான்சில் வேலை. 1948-ல் கப்பலை விட்டு இறங்கி ரூவன் ஊரில் முதல் சாப்பாடு. நம் நாக்கு மீனுக்குப் பங்காளி, வெண்ணெயில் பொரித்தது. அன்று பிடித்ததுதான் சமையல் பைத்தியம்.

மீன்காரம்மா: மிளகாய்த்தூள்?

சார்: இல்லை.

மீன்காரம்மா: புளி?

சார்: எலுமிச்சை.

மீன்காரம்மா: இத்தனை வருடம் இந்த ஊரை ஆண்டும் பிரெஞ்சுக்காரன் மிளகாய்த்தூளைக் கற்றுக்கொள்ளவில்லையே!

சார்: 1961-ல் அவர் எழுதிய சமையல் புத்தகம் வந்தது. அதைப் பற்றிப் பேச டிவிக்குக் கூப்பிட்டார்கள். வெறும் கையோடு போகாமல் மின் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஆம்லெட் போட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் இன்னும் வேண்டும் என்று கடிதம் போட்டார்கள். ஒரு தடவை உருளைக்கிழங்கு அடையைத் திருப்பும்போது பாதி அடுப்பு மேல் விழுந்துவிட்டது. அள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டே, தனியாக இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னார்.

மீன்காரம்மா: டிவியில் நின்றுகொண்டா?

சார்: அதுதானே அழகு! இப்போது அவர் சமையலறையே வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மீன்காரம்மா: எவன் வந்து கேட்டாலும் என் அரிவாள்மனையைக் கொடுக்க மாட்டேன். சரி, மீனை உரித்துத் தரவா?

சார்: நானே உரிக்கிறேன். டிவியில் யார் உரித்துத் தருவார்கள்?

மீன்காரம்மா: விரலில் உப்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். வால் பக்கம் லேசாகக் கீறி, தோலைப் பிடித்து, காலுறை கழற்றுகிற மாதிரி ஒரே இழுப்பு.

(சார் இழுக்கிறார். தோல் அப்படியே இருக்கிறது. மீன்தான் வழுக்கிப் பறந்து, கூடைக்கு அப்பால் காத்திருந்த பூனையின் எதிரில் விழுகிறது. மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிறது.)

சார்: யார் பார்க்கப் போகிறார்கள்?

மீன்காரம்மா: பூனை பார்த்துவிட்டது சார். எலுமிச்சைகூடக் கேட்கவில்லை பாருங்கள்.

சார்: இன்னொரு மீன் கொடுங்கள்.

மீன்காரம்மா: அதற்கு முன்னால் பூனை தின்றதற்குக் காசு. அப்புறம், அரைக் கிலோ சங்கரா போடட்டுமா? மதியம் வீட்டில் சாப்பாடு வேண்டும் அல்லவா?