கண்டக்டர் அப்பாவும் வடம் இழுக்கும் வண்டியும்

(சான் பிரான்சிஸ்கோ. வாஷிங்டன் தெருவும் மேசன் தெருவும் சந்திக்கும் மூலையில் தெருத் தண்டவாளத்தில் ஓடும் கேபிள் கார் வண்டிகளின் அருங்காட்சியகம். மகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.)

அப்பா: டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் அம்மா?

மகள்: இங்கே டிக்கெட் கிடையாது அப்பா. இலவசம்.

அப்பா: டிக்கெட் இல்லாமல் உள்ளே போவதா? அப்படி ஏறியவர்களை முப்பத்திரண்டு வருடம் இறக்கிவிட்டவன் நான்!

மகள்: இங்கே யாரும் இறக்கிவிட மாட்டார்கள். அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு மணிக்கு அல்கட்ராஸ் சிறைக்குப் படகு. மூன்று வாரம் முன்பே பதிவு செய்துவிட்டேன்.

அப்பா: ஜெயிலுக்கு முன்பதிவா? நம் செலவிலா?

மகள்: 1963-இல் மூடிய ஜெயில். இப்போது எல்லோரும் பார்க்கப் போகிறார்கள்.

அப்பா: சரி, இது என்ன இரைச்சல்? மில்லுக்குள் வந்துவிட்டோமா?

மகள்: கீழே பாருங்கள். அந்த ராட்சதச் சக்கரங்கள்தான் தெருவுக்கு அடியில் இரும்பு வடத்தை இழுக்கின்றன. மணிக்கு ஒன்பதரை மைல் வேகம். வண்டிக்காரர் நெம்புகோலை இழுத்தால், அடியில் இருக்கும் பிடி வடத்தைக் கவ்விக்கொள்ளும். வண்டி நகரும்.

அப்பா: வண்டிக்கென்று இன்ஜின்?

மகள்: இல்லவே இல்லை.

அப்பா: அப்படியானால் இது தேர்தான். ஊர் கூடி இழுப்பதை மோட்டார் இழுக்கிறது.

மகள்: 1873-இல் ஆண்ட்ரூ ஹாலிடி என்பவர் தொடங்கினார். இரும்பு வடம் செய்து விற்றவர். மேட்டில் வண்டி இழுத்த குதிரைகள் சறுக்கி விழுந்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல் இதை யோசித்தாராம்.

அப்பா: இரக்கப்பட்டிருக்கலாம். ஆனால் வடம் விற்கிறவருக்கு ஊர் முழுக்க வடம் புதைக்கத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இது என்ன, கரிந்த மரக்கட்டை?

மகள்: பிரேக்.

அப்பா: விளையாடாதே.

மகள்: நிஜமாகத்தான். டக்ளஸ் ஃபிர் என்ற மரத்தின் கட்டை தண்டவாளத்தில் அழுந்தும். தேய்ந்துபோவதால் சில நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். பின்பக்கச் சக்கரத்துக்கு வேறு பிரேக். இறக்கத்தில் அதைப் போடுவது கண்டக்டர்.

அப்பா: யார்?

மகள்: கண்டக்டர்.

அப்பா: இன்னொரு முறை சொல்.

மகள்: அப்பா, மணி ஒன்றாகிவிட்டது.

அப்பா: கண்டக்டர் இல்லாமல் வண்டி இறங்காது என்று எங்கள் டிரைவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! சிரித்தான். அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அது யார், படத்தில் அந்த அம்மையார்?

மகள்: ஃபிரீடல் கிளஸ்மன். 1947-இல் இந்த வண்டிகளை ஒழித்துவிட்டு பஸ் விடலாம் என்றார் மேயர். இவர் பெண்களைத் திரட்டிப் போராடினார். தேர்தலில் மக்கள் இவர் பக்கம் வாக்களித்தார்கள். வண்டி தப்பியது.

அப்பா: நல்ல பெண்மணி. ஆனாலும் பஸ் வேண்டாம் என்றது கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

மகள்: படகு போனால் எனக்குத்தான் வருத்தம். வாருங்கள்!

(வெளியே. மணியடித்துக்கொண்டு ஒரு வண்டி வந்து நிற்கிறது. நிறைந்து வழிகிறது.)

மகள்: உட்கார இடமில்லை. படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் கண்டக்டர்.

அப்பா: அவர் வாயாலேயே சொல்கிறாரா?

மகள்: இங்கே அது வழக்கம்தான். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வண்டியில்...

அப்பா: கண்டக்டர் சொல்லை மீறக் கூடாது. நகர்ந்துகொள்.

மகள்: அப்பா! "படியில் பயணம், நொடியில் மரணம்" என்று உங்கள் பஸ்ஸில்...

அப்பா: அது என் வண்டி. இது இவர் வண்டி. ஒரு கையை விட்டுவிட்டு நிற்கிறேன், சீக்கிரம் போட்டோ எடு.

மகள்: எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு அனுப்பட்டுமா?

அப்பா: தாராளமாக அனுப்பு. டிப்போ நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதே.